இரைச்சல் நிறைந்த பிராட்பேண்ட் லைனை நிலைப்படுத்துவது எப்படி: பினாங்கு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

ஜெலுத்தோங்கில் எங்கள் மாடியிலேயே இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். ஐந்து மாதமாக அவர் வீட்டு இண்டர்நெட் தினமும் சாயந்திரம் அறுந்துபோகும். மோடம் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. டெக்னீஷியன் காலையில் வருவார், சோதிப்பார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று போவார். அக்காவின் பையனுக்கு அந்த வருடம் எஸ்பிஎம் தேர்வு, அதாவது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு. ஆன்லைன் டியூஷன் பாதியில் நின்றுபோவதுதான் பெரிய வேதனை.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் விளக்கு வெச்சு சாமி கும்பிட்டுட்டு வர்றேன், அதுக்குள்ள லைன் போச்சும்மான்னு இவன் கத்துறான்."

"தினமும் அதே நேரமாக்கா?"

"தினமும்தான்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் விடை இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் செய்ததையும், பிறகு இன்னும் சில வீடுகளில் பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன். செம்புக் கம்பி வழியாக லைன் வரும் வீடுகளுக்கு இது பொருந்தும்.

முதலில் உங்கள் வீட்டுக்கு வருவது என்ன லைன்?

மலேசியாவில் டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை சேவை 2010-இல் வந்தபோது ஃபைபர் பரவலாகத் தொடங்கியது. ஆனால் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் ஃபைபர் கட்டடத்தின் கீழ்த்தளம் வரைதான் வந்தது. அங்கிருந்து மேல்மாடி வீடுகளுக்குப் பழைய டெலிபோன் கம்பியிலேயே விடிஎஸ்எல் முறையில் சிக்னல் அனுப்பினார்கள். தரை வீடுகளில் பழைய செம்பு லைன் இன்னும் மிச்சமிருந்தால் அது பெரும்பாலும் ஏடிஎஸ்எல். இரண்டுமே டெலிபோன் கம்பியில் இண்டர்நெட்டை அனுப்பும் டிஎஸ்எல் முறையின் வகைகள்.

மோடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். டெலிபோனில் செருகுவதுபோன்ற சிறிய பிளக் உள்ளே போகிறதென்றால் அது செம்புக் கம்பி. மெல்லிய கேபிள், பச்சை நிற முனையோடு ஒரு சிறு பெட்டிக்குள் போகிறதென்றால் அது ஃபைபர். ஃபைபரில் மின் இரைச்சல், அதாவது மின்கருவிகள் கக்கிச் சிக்னலைக் கெடுக்கும் அலைகள், நுழையாது. அதில் கேபிள் கூர்மையாக மடங்கியிருக்கிறதா, சிக்னல் வராததைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றபடி கீழே எழுதியிருப்பது உங்களுக்கு வேண்டாம்.

லைனா, வைஃபையா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் லைனைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு மோடத்தில் நேரடியாக இணையுங்கள். கட்டளை தட்டும் கறுப்புச் சன்னல்கள் (கமாண்ட் பிராம்ப்ட்) இரண்டைத் திறந்து, ஒன்றில் மோடத்தின் முகவரியையும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரியையும் நிற்காமல் பிங் செய்யவிடுங்கள் (பிங் என்பது மறுமுனை பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை). மோடத்துக்குப் போகும் பதில் ஒழுங்காக வந்துகொண்டிருக்க, வெளியே போவது மட்டும் நின்றுபோனால், மோடத்தைத் தாண்டித்தான் கோளாறு. அந்த நேரத்தில் மோடத்தில் டிஎஸ்எல் விளக்கும் மினுக்க ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம், லைன்தான் அறுகிறது.

லேன் கேபிளில் எல்லாம் நன்றாக ஓடி, போனில் மட்டும் திணறினால் அது வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைவானதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அதோடு வேலை முடிந்தது.

மோடம் சொல்லும் எண்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பொறுமையாகப் படியுங்கள்.

பிரௌசரில் மோடத்தின் முகவரியைத் தட்டி உள்ளே போனால், 'டிஎஸ்எல் ஸ்டேட்டஸ்' அல்லது அதுபோன்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கும். பாஸ்வேர்டு பெரும்பாலும் மோடத்தின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

எஸ்என்ஆர் மார்ஜின் என்பது, இரைச்சலைத் தாங்கி ஓடத் தேவையானதற்கு மேல் சிக்னலுக்கு எவ்வளவு கைவசம் மிச்சம் இருக்கிறது என்பதன் அளவு. டெசிபலில் வரும். வழக்கமாக 6 டெசிபலைக் குறிவைத்துத்தான் லைன் இணைக்கப்படுகிறது. 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் எந்த நேரமும் அறுந்துவிடும். அட்டெனுவேஷன் என்பது வரும் வழியில் சிக்னல் தேய்ந்த அளவு. ஏடிஎஸ்எல் லைனில் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 14 டெசிபல் என்று தோராயமாகக் கணக்கு வைக்கலாம். கம்பியின் நீளம் மாறாது, ஆகவே இந்த எண்ணும் பெரிதாக மாறக்கூடாது. மழைக்குப் பிறகு இது திடீரென ஏறினால் எங்கோ ஓர் இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அடுத்து எஃப்இசி, சிஆர்சி. வழியில் கெட்டுப்போய் மோடமே சரிசெய்துகொண்ட பிழைகள் எஃப்இசி. சரிசெய்ய முடியாமல் போனவை சிஆர்சி. எஃப்இசி ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். சிஆர்சி ஒவ்வொரு நிமிடமும் நூற்றுக்கணக்கில் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த எண்கள் ஏன் ஆடுகின்றன? டிஎஸ்எல் தன் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சிறு சிறு பாதைகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஏடிஎஸ்எல்லின் பிந்தைய வடிவமான ஏடிஎஸ்எல்2பிளஸில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை இப்படி 512 பாதைகள் இருக்கின்றன. பரவலாகப் புழங்கும் விடிஎஸ்எல்2 வகை 17 மெகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போகிறது. இணைப்பு ஏற்படும் நேரத்தில் ஒவ்வொரு பாதையிலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று அளந்து, அதற்கு ஏற்ற தரவுச் சுமையை ஏற்றுகிறார்கள். நடுப்பகலில் அமைதியாக இருக்கும்போது அளந்து நிறையச் சுமை ஏற்றிவிட்டால், சாயந்திரம் இரைச்சல் எழும்போது தாங்காது.

அதனால், லைன் எட்டிப்பிடிக்கக்கூடிய முழு வேகத்திலும் ஓடும் ஏடிஎஸ்எல் இணைப்புகளில் ஒரு நல்ல உபாயம் உண்டு: மோடத்தைப் பகலில் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், இரைச்சல் அதிகமாக இருக்கும் நேரத்தில் ஒரே ஒருமுறை செய்யுங்கள். வேகம் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், ஆனால் பிடித்து நிற்கும். ஒரே ஒருமுறை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பல இடங்களில், லைனின் எதிர்முனையில் நிறுவனம் வைத்திருக்கும் கருவி, லைன் எத்தனை முறை அறுகிறது என்று கணக்கு வைத்து, தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். கோபத்தில் பத்து முறை சுவிட்சைப் போட்டு அணைத்தால் அது லைனின் கோளாறாகவே பதிவாகும்.

மூன்று நாள் குறிப்பு

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும், லைன் அறும் ஒவ்வொரு முறையும் நேரம், மார்ஜின், சிஆர்சி, மழையா வெயிலா, வீட்டில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதுங்கள். அக்கா வீட்டில் பையனே எழுதினான். பகல் முழுக்க மார்ஜின் 11. ஏழு மணி வாக்கில் 2-க்கும் 3-க்கும் இடையே. ஒன்பது மணிக்குப் பிறகு மறுபடி 11.

கடிகாரம் பார்த்து வரும் கோளாறென்றால் ஏதோ ஒரு மின்கருவி. மழையோடு வரும் கோளாறென்றால் கம்பி இணைப்பு. நேரம் காலமில்லாமல் வந்தால் தளர்ந்த இணைப்பு, அல்லது சாகப்போகும் மோடம் அடாப்டர். நான் பார்த்த வீடுகளில் இந்தப் பாகுபாடு பெரும்பாலும் பொய்த்ததில்லை.

காதால் ஒரு சோதனை

பழைய லைனில் டெலிபோனும் சேர்ந்து வந்தால், கம்பி போட்ட சாதாரணப் போனை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று சில வினாடி அமைதி கிடைக்கும். அந்த அமைதியில் 'கரகர' என்று கேட்டால் துருப்பிடித்த அல்லது ஈரமான இணைப்பு. 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த ரீங்காரம் கேட்டால், ஜோடிக் கம்பியில் ஒன்று எங்கோ தரையோடு உரசி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை கலந்திருக்கிறது. போனில் கேட்கும் அளவுக்குச் சத்தம் இருந்தால் நீங்கள் மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டாம், நேரே புகார் கொடுக்கலாம். டெலிபோன் மோடத்திலிருந்தே வரும் விடிஎஸ்எல் வீடுகளில் இந்தச் சோதனை பயன்படாது.

வீட்டுக்குள் இருக்கும் கம்பிகள்

வீட்டுக்குள் முதலில் வந்து சேரும் போன் பாயிண்ட் எது என்று கண்டுபிடியுங்கள். மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோடத்தை அதில் மட்டும் ஒருநாள் மாட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் போன், ஃபேக்ஸ், வீட்டு அலாரம் எதுவும் வேண்டாம். எண்கள் நன்றாக ஏறினால் பிரச்சினை உங்கள் வீட்டுச் சுவருக்குள்தான் இருக்கிறது.

பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன் கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்தாலும் கெடுதல்தான். சிக்னல் அதன் கடைசி வரை போய், முட்டித் திரும்பி வந்து மூலச் சிக்னலோடு மோதும். 10 மீட்டர் கிளைக் கம்பி ஏறக்குறைய 5 மெகாஹெர்ட்ஸில் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். 2.2 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும் ஏடிஎஸ்எல்லுக்கு அது அவ்வளவாக உறைக்காது. விடிஎஸ்எல்லுக்கு நடுவயிற்றில் அடி. ஏடிஎஸ்எல் காலத்தில் பல வருடம் நன்றாக ஓடிய வீடு, விடிஎஸ்எல்லுக்கு மாறியதும் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேண்டாத கிளையை முதல் பாயிண்டிலேயே துண்டித்துவிடுங்கள்.

டெலிபோனும் ஏடிஎஸ்எல்லும் ஒரே கம்பியில் வந்தால் இரண்டின் சிக்னலையும் பிரிக்க, ஒவ்வொரு போனுக்கும் ஃபில்டர் அல்லது மொத்தத்துக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வேண்டும். இடி விழுந்த பிறகு ஸ்ப்ளிட்டர் பாதி செத்த நிலையில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சில வெள்ளிதான் (ரிங்கிட்) விலை, சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பாயிண்டைத் திறந்து பாருங்கள். டெலிபோன் கம்பியில் 50 வோல்ட் அளவு இருக்கும், மணி அடிக்கும்போது இன்னும் கூடும். ஆகவே கையை உலரத் துடைத்துக்கொண்டு, வானம் தெளிவாக இருக்கும்போது மட்டும் திறங்கள். அக்கா வீட்டில் இரண்டு திருகாணிகளைக் கழற்றியதும் உள்ளேயிருந்து எறும்பு மண் கொட்டியது. செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. பினாங்கில் கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து இதைச் செய்யும், கடலோரத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இன்னும் வேகமாக. பச்சை பூத்த முனையைச் சுரண்டுவதில் பயனில்லை. அதுவரை வெட்டியெறிந்து, புதுச் செம்பு தெரியும் இடத்தில் மறுபடி இணைக்க வேண்டும். கம்பியோடு கம்பியை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். உள்ளே ஜெல் வைத்த சிறு கிரிம்ப் இணைப்பான் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். ஈரம் நுழையாது.

இணைக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். நீலமும் வெள்ளை-நீலமும் ஒரு ஜோடி. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வருவதால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி ரத்தாகிறது. நீலத்தையும் ஆரஞ்சையும் எடுத்து மாட்டினால் போன் நன்றாகவே பேசும், பிராட்பேண்ட் மட்டும் செத்துச் செத்துப் பிழைக்கும். வயர்மேன்கள் அவசரத்தில் செய்யும் தவறு இது. தேடிப்பிடிப்பது மிகவும் கடினம்.

தட்டையான போன் வயர் வேண்டாம்

கடையில் விற்கும் தட்டையான, வெள்ளை நிற நீள வயரில் முறுக்கே கிடையாது. ஒரு மீட்டர் என்றால் பரவாயில்லை. பன்னிரண்டு மீட்டர் என்றால் அது ஏரியல். அக்கா வீட்டில் ஹாலில் இருக்கும் பாயிண்டிலிருந்து பையனின் அறைவரை இப்படி ஒரு வயர், சுவரோரமாக, சாமி மேடைக்குப் பின்னால் புகுந்து போனது.

மோடத்தைப் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இடையில் ஒரு மீட்டர், முறுக்கிய ஜோடிக் கம்பி. கேட்5இ என்ற லேன் கேபிளில் ஒரு ஜோடியை எடுத்து முனை போட்டுக்கொண்டாலே போதும். தூரத்தில் இருக்கும் அறைக்கு லேன் கேபிளை இழுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

மின்சாரப் பிளக் வழியே இண்டர்நெட்டை இன்னோர் அறைக்குக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் வைத்திருப்பவர்கள், அதைக் கழற்றிவிட்டு ஒருநாள் பாருங்கள். அது பயன்படுத்தும் அலைவரிசையும் விடிஎஸ்எல்லின் அலைவரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

இரைச்சல் வேட்டைக்கு ஒரு பழைய ரேடியோ

ஏஎம் அலைவரிசை உள்ள பேட்டரி ரேடியோ ஒன்று தேடிப்பிடியுங்கள். தாத்தா வைத்திருந்தது எங்காவது அலமாரியில் இருக்கும். ஏஎம் நிலையங்கள் இருக்கும் பகுதி, டிஎஸ்எல் பயன்படுத்தும் அலைவரிசைக்குள்ளேயே அடங்குகிறது. நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வீடு முழுக்க மெதுவாக நடங்கள். இரைச்சல் கக்கும் கருவியை நெருங்க நெருங்க 'ஸ்ஸ்ஸ்' என்பது 'ட்ர்ர்ர்' என்று மாறி உரக்கக் கேட்கும்.

ஏழு மணி. அக்கா குளித்துவிட்டு வந்து திரி ஏற்றினார், பிறகு சாமி மேடைக்குப் பின்னால் இருந்த சுவிட்சைப் போட்டார். முருகன் படத்தைச் சுற்றி எல்இடி விளக்குச் சரம் எரிந்தது. என் கையில் இருந்த ரேடியோ அலறியது. சுவிட்சை அணைக்கச் சொன்னேன், ரேடியோ அடங்கியது. போடச் சொன்னேன், அலறியது. பையன் அறையிலிருந்து, "அண்ணே, மார்ஜின் மூணு!" என்று குரல் கொடுத்தான்.

விளக்குச் சரத்தின் அடாப்டர், தீக்குச்சிப் பெட்டி அளவுதான் இருக்கும். அதை ஒட்டியே அந்தத் தட்டை வயர் போனது. காலையில் டெக்னீஷியன் வரும்போது அந்த விளக்கு எரியாது, அதனால்தான் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "சாமி விளக்கை நிறுத்தணுமா தம்பி?" என்று கேட்டார். நிறுத்தவே வேண்டாம் என்றேன். முதலில் வயரை மட்டும் மாற்றி மோடத்தை ஹாலுக்குக் கொண்டுவந்தோம்: மறுநாள் ஏழு மணிக்கு 8. அதற்கும் மறுநாள் அடாப்டரை மட்டும் தரமானதாக மாற்றினோம்: 10.5. இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது எவ்வளவு உதவியது என்று தெரிந்திருக்காது. எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, ஒருநாள் விட்டு எண்ணைப் பாருங்கள்.

மலிவான அடாப்டர்கள், பழைய மீன்தொட்டி பம்ப், மங்கவைக்கும் சுவிட்ச், வேகம் மாறும் மோட்டார் உள்ள ஏர்கோன், போன் சார்ஜர் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மோடத்தின் சொந்த அடாப்டரையும் விட்டுவிடாதீர்கள். பல வருடம் சூட்டிலேயே இருந்தால் உள்ளே கபாசிட்டர் காய்ந்துபோகும். மாற்றும்போது வோல்ட் அதே அளவு, ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ, முனையின் துருவமும் அதேபோல இருக்க வேண்டும். லிஃப்ட் மோட்டாரோ அடுத்த வீட்டுக் கருவியோ காரணம் என்று ரேடியோ காட்டினால் உங்கள் கையில் செய்யக் குறைவு. கம்பியைச் சுருக்கி விலக்கி வையுங்கள், மீதியை நிறுவனத்திடம் கேளுங்கள்.

இடியும் மின்னலும்

உலகத்திலேயே மின்னல் மிகுதியான இடங்களில் தீபகற்ப மலேசியாவும் ஒன்று. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் சாயந்திர இடி வலுவாக இருக்கும். மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டெலிபோன் கம்பி வழியாகவும் அடி வரும், இரண்டையும் கழற்றுங்கள். இடி முழங்க ஆரம்பித்த பிறகு கையை வைக்காதீர்கள், மேகம் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும். போன் பாதுகாப்புத் துளை உள்ள மலிவான எக்ஸ்டென்ஷன் பலகைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை பிராட்பேண்ட் சிக்னலையும் சேர்த்து மட்டுப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

நிறுவனத்திடம் என்ன கேட்பது

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்தும் மார்ஜின் தாழ்ந்தே இருந்தால், கட்டடத்தின் டெலிபோன் அறையிலோ மாடிக் குழாயிலோ கோளாறு இருக்கலாம். அதை நீங்கள் திறக்கக் கூடாது. புகார் கொடுக்கும்போது "லைன் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "முதல் பாயிண்டில் மோடம் மட்டும் மாட்டி, மூன்று நாள் குறிப்பு வைத்திருக்கிறேன். பகலில் மார்ஜின் இவ்வளவு, இரவில் இவ்வளவு, சிஆர்சி இவ்வளவு. ஜோடிக் கம்பியை மாற்றிப் பாருங்கள்." டெக்னீஷியனைக் கோளாறு வரும் நேரத்துக்கே வரச் சொல்லுங்கள். அக்கா ஐந்து மாதம் அலைந்ததற்கு டெக்னீஷியன் காலையில் வந்ததே பாதிக் காரணம்.

எதிர்முனையில் அவர்கள் செய்யக்கூடியவை மூன்று. மார்ஜின் இலக்கை 6-இலிருந்து 9-க்கோ 12-க்கோ உயர்த்தலாம். வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு போடலாம். திடீர் இரைச்சலுக்கான பாதுகாப்பைக் கூட்டலாம். இந்தப் பாதுகாப்பை ஐஎன்பி என்பார்கள். அதன் ஓர் அலகு 250 மைக்ரோ வினாடி இரைச்சலைச் சரிக்கட்டும். ஆனால் தரவைக் கலைத்து அனுப்பிப் பிறகு அடுக்குவதால் சில மில்லி வினாடி தாமதம் கூடும். கேம் விளையாடும் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், டியூஷனுக்கும் அலுவலக வேலைக்கும் ஒன்றும் தெரியாது. 30 மெகாபிட் ஆடாமல் வருவதை, 50 மெகாபிட் மணிக்கு ஒருமுறை அறுவதைவிட நான் எப்போதும் மேலாகவே நினைக்கிறேன். கெட்டுப்போன தரவை மட்டும் திருப்பி அனுப்பும் ஜி.ஐஎன்பி என்ற புது முறை உங்கள் மோடத்திலும் எதிர்முனையிலும் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். தாமதம் குறைவாகவே இருக்கும்.

மோடத்தில் நீங்களே செய்யக்கூடியதும் உண்டு. பிட்ஸ்வாப், எஸ்ஆர்ஏ இரண்டும் இருந்தால் போட்டுவையுங்கள். இரைச்சல் மாறும்போது லைனை அறுக்காமலே சுமையை மாற்றிக்கொள்ள அவை உதவும். மிக நீளமான ஏடிஎஸ்எல் லைனில் ஏடிஎஸ்எல்2பிளஸுக்குப் பதில் பழைய ஜி.டிஎம்டி முறையைத் தேர்ந்தெடுத்தால் வேகம் குறைந்து நிலைத்து நிற்கும்.

நிறுவனத்தின் புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால், அந்த எண்ணோடும் உங்கள் குறிப்புகளோடும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம். உங்கள் கட்டடத்துக்கு முழு ஃபைபர் போட முடியுமா என்று நிர்வாகக் குழுவிடமும் கேட்டுவையுங்கள். முடியுமென்றால் அதற்கே மாறிவிடுங்கள், இந்த எண்களை நீங்கள் மறுபடி பார்க்கவே வேண்டியிருக்காது.

லைன் சரியான பிறகு, நன்றாக ஓடும் நாளின் மார்ஜின், அட்டெனுவேஷன், வேகம் மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை கோளாறு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் வேண்டும். அக்கா வீட்டில் ஒட்டியிருப்பது பையனின் கையெழுத்தில் இருக்கிறது: "பகல் 11, விளக்கு வெச்ச பிறகு 10.5."